15 விழுக்காடு வரி எல்லாருக்கும் இல்லை, ஐயா

'வெளிநாட்டில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு மலேசியா திரும்புகிற எவருக்கும் ஐந்து ஆண்டுகளுக்கு 15 விழுக்காடு வருமான வரிதான். வந்து சேர்ந்த பிறகு எழுதிப் போட்டால் போதும்' என்று மேலே ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் டிக்கெட் எடுத்துவிட வேண்டாம்.

அந்தச் சலுகை, மலேசிய அரசு நிறுவனமான டேலண்ட்கார்ப் (TalentCorp) நடத்தும் திட்டத்தில் தேர்வு பெற்றவர்களுக்கு மட்டுமே. கல்வித் தகுதியும் வெளிநாட்டு அனுபவமும் பார்ப்பார்கள். முக்கியமாக, வெளிநாட்டில் வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். என் மைத்துனர் துபாயில் பதினோரு ஆண்டுகள் குளிர்சாதனப் பிரிவில் இருந்தவர். பட்டர்வொர்த் வீட்டில் பெட்டியைப் பிரித்த பிறகுதான் விசாரித்தார். சம்பளச் சீட்டுகளை ஆண்டுவாரியாக நூல் கட்டி வைத்திருந்தார், பாவம், ஒன்றும் உதவவில்லை.

இன்னொன்று, 15 விழுக்காடு என்பது எல்லாருக்கும் லாபமும் இல்லை. கழிவுகள் போக ஆண்டுக்கு 60,000 ரிங்கிட் வரிக்குரிய வருமானம் என்றால், 2023 முதல் உள்ள வழக்கமான விகிதப்படி வரி 2,600 ரிங்கிட்தான். அதே தொகைக்கு 15 விழுக்காடு போட்டால் 9,000! பெரிய சம்பளக்காரருக்கான சலுகை அது. சம்பளத்துக்கு மட்டும்தான் பொருந்தும். மைத்துனரைப் போல சொந்தமாக ஏர்கான் பழுது பார்க்கும் கடை வைப்பவருக்கு அதனால் ஒரு காசு மிச்சமில்லை. அவர் இப்போது வரியைப் பற்றியா கவலைப்படுகிறார்? பழைய வாடிக்கையாளர் ஒருவர்கூட ஊரில் இல்லை என்பதுதான் அவர் புலம்பல்.