ராஜாவுக்கு அழுதால் ரசனை, செஸ்டருக்கு அழுதால் பீட்டரா?

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான்கு நாளாக என் டைம்லைனில் அதுதான் ஓடுகிறது. கறுப்பு டீ-ஷர்ட், ஏறிய நெற்றி, தோளில் ஐந்தாறு வயது மகள். லிங்கின் பார்க் என்கிற அமெரிக்க ராக் குழுவின் பாட்டுக்குக் கண்ணை மூடிக் கத்துகிறார் அந்த மனிதர். கத்திக்கொண்டே அழுகிறார்.

கல்லூரிப் பிள்ளைகள் 'பூமர் அங்கிள்' என்று கிண்டல் செய்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு உறுத்தியது, நான் அண்ணா என்று கூப்பிடுகிற ஒருவர் அதைப் பகிர்ந்து எழுதிய வரி. சின்ன வயதில் ராஜாவைக் கேட்டு வளர்ந்திருந்தால் இந்த வயதில் இப்படிக் கத்த வேண்டி வந்திருக்காதாம். கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்பு. அதில் பாதிப் பேர் எனக்கும் தெரிந்தவர்கள்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

அண்ணா, 80-களின் பாட்டைப் பற்றி நீங்கள் மாதம் இரண்டு பதிவாவது எழுதுகிறீர்கள். டவுன் பஸ், டீக்கடை ஸ்பீக்கர், கேசட்டில் பாட்டு பதிந்து கொடுக்கிற கடை, அந்தக் கடை வாசலில் நின்ற பெண். எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். சிலவற்றுக்குக் கண் கலங்கியும் இருக்கிறேன். ஒருநாளும் சிரித்ததில்லை. நீங்கள் ராஜாவுக்கு அழுதால் அது ரசனை, நாங்கள் லிங்கின் பார்க் பாடகர் செஸ்டர் பென்னிங்டனுக்கு அழுதால் அது பீட்டர். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. பதினைந்து வயதில் காதில் விழுந்த பாட்டு உங்களுக்கு மட்டும்தான் நினைவாகத் தங்குமா?

ராஜாவைக் கேட்கவில்லை என்று யார் சொன்னது? கோயம்புத்தூர் கணபதியில் அப்பாவின் லேத் பட்டறையில் காலையில் மெஷினைப் போடும் முன்பே ரேடியோவைப் போட்டுவிடுவார்கள். ராஜா பாட்டில்தான் அன்றைய வேலை ஆரம்பிக்கும். 2006-இல் மலேசியாவிலிருந்து யோகி பி குழுவின் 'வல்லவன்' ஆல்பம் வந்தது. அதில் 'மடை திறந்து', 1980-இல் 'நிழல்கள்' படத்துக்கு ராஜா போட்ட மெட்டை எடுத்துக்கொண்டு தமிழில் ராப் செய்த பாட்டு. அதை நான் பட்டறையில் போட்டபோது அப்பா மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். "இது நம்ம பாட்டாச்சே" என்றார். முழுவதும் கேட்டார். எங்கள் வீட்டில் ராஜாவுக்கும் ராப்புக்கும் சண்டையே இல்லை அண்ணா. அந்தச் சண்டையை நீங்கள்தான் மூட்டுகிறீர்கள்.

சரி, ஹெவி மெட்டல் என்கிற கனமான ராக் இசைக்கு வருகிறேன். நீங்கள் இரைச்சல் என்று சொல்வது எனக்குப் பிறந்ததிலிருந்து பழகிய சத்தம். பம்ப்செட் ஷாஃப்டைக் கடையும்போது டூல் பிட் இரும்பில் ஏறுகிற அந்தக் கீச்சு, பக்கத்துப் பட்டறை பவர் பிரஸ்ஸின் அடி, இவை நடுவில்தான் வீட்டுப்பாடம் எழுதினேன். பிற்பாடு ஒரு விஷயம் படித்தேன். இங்கிலாந்தின் பிளாக் சப்பாத் ராக் குழுவின் கிதார்காரர் டோனி ஐயோமி, பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 17 வயதில், வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாளில், மெஷினில் மாட்டி வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. அவருக்கு இடது கைப் பழக்கம், கம்பியை அழுத்துவது வலது கையால்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரல்தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். விரல் வலிக்காமல் இருக்கக் கம்பிகளைத் தளர்த்தினார். அந்தத் தளர்ந்த, இறங்கிய ஒலியில்தான் ஹெவி மெட்டல் வளர்ந்தது. எங்கள் அப்பாவுக்கும் இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு கணு கிடையாது. இந்த இசை யாருடையது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அடுத்து என்ன வரும் என்று தெரியும். இங்கிலீஷ் மீடியம் பசங்களின் சீன், பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்பீர்கள். எனக்கு லிங்கின் பார்க்கைக் கொடுத்தவன் மில் லைன் வீட்டுப் பையன். அவன் அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. ஒரிஜினல் கேசட் வாங்க எங்களில் யாருக்கும் வசதி கிடையாது. காந்திபுரத்தில் 40 ரூபாய்க்கு விற்ற எம்பி3 சிடியில் 150 பாட்டு இருக்கும். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு நான்கு பேர் வாங்கினோம். 2000 கடைசியில் வந்த லிங்கின் பார்க்கின் முதல் ஆல்பம் 'ஹைப்ரிட் தியரி' எங்கள் கைக்கு வரவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். பாதி வரி புரியாது. பிரவுசிங் சென்டரில் வரிகளைப் பிரிண்ட் எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தோம். கல்லூரி நேர்காணலில் நான் நான்கு வாக்கியம் இங்கிலீஷ் பேசினேன் என்றால் அது அந்தத் தாள்கள் கொடுத்தது. இதுவா பீட்டர்?

ராப்பில் கெட்ட வார்த்தை, பெண்களைக் கேவலமாகப் பேசுகிறார்கள் என்றால், ஆமாம், உண்மைதான். அமெரிக்க ராப் பாடகர் எமினெமின் சில பாட்டுகளை இன்று என் மகள் இருக்கும் அறையில் போட மாட்டேன். அது தப்பு என்று அன்றைக்கு எங்களுக்கு உறைக்கவில்லை. ஆனால் 2002-இல் எமினெம் நடித்து வந்த '8 மைல்' படத்தில் அவர் நடித்த பையன் டெட்ராய்ட்டில் தகடு அடிக்கும் தொழிற்சாலைக்குப் போவான், ஷிஃப்டுக்கு லேட்டாகித் திட்டு வாங்குவான், சட்டைப்பையில் கசங்கிய தாளில் பாட்டு எழுதி வைத்திருப்பான். அதைப் பார்த்த பிறகு அந்த ஆளை எங்கள் தெருக்காரன் என்றுதான் நினைத்தோம். ராப் பாட்டுக்கு முதல்முறையாக ஆஸ்கர் கிடைத்தது அந்தப் படத்துக்குத்தான். நாங்கள் நான்கு பேரும் ஏதோ நாங்களே வாங்கினதுபோல் பரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

இன்னொரு வாதம், அந்த வயதில் எதைக் கேட்டாலும் ஒட்டிக்கொள்ளும், பாட்டில் விசேஷம் எதுவும் இல்லை என்பது. இருக்கலாம். அப்படியென்றால் அது உங்கள் ராஜாவுக்கும்தானே பொருந்தும்?

ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. லிங்கின் பார்க் பாட்டில் ராப் பாடுகிற மைக் ஷினோடா அளந்து, அடக்கிப் பேசிக்கொண்டு வருவார். பேசிப் பேசித் தாங்காமல் போகிற இடத்தில் செஸ்டர் கதறுவார். எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. ஆர்டர் இல்லாத மாதங்களில் அப்பா யாருடனும் பேச மாட்டார். அம்மா பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே கோபம் தெரியும். பிளஸ் டூ மார்க் வந்த அன்று சொந்தக்காரர்கள் முன்னால் அப்பா என்னைப் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அன்று ராத்திரி பட்டறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கத்த வேண்டியது நான். எனக்காக அவர் கத்தினார். ஒருமுறை அப்பா அந்த ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "வவுத்து வலி வந்தவனாட்ட எதுக்குடா கத்தறான்?" என்று கேட்டார். வலி என்று அவருக்குக்கூடப் புரிந்தது.

நம் ஊரில் பெண்களுக்கு ஒப்பாரி இருந்தது. மாரில் அடித்துக்கொண்டு, செத்தவரைச் சாக்காக வைத்துத் தன் சொந்த வலியையும் சேர்த்துச் சொல்லி அழுதுவிடலாம். பதினைந்து வயதுப் பையனுக்கு என்ன இருந்தது? ஆம்பளப் பையன் அழக்கூடாது என்ற ஒரு வரி இருந்தது. ராஜா பாட்டு எனக்கு ஆறுதல் சொன்னது, தூங்க வைத்தது. ஆனால் அந்த வயதில் எனக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை அண்ணா. யாராவது முதலில் 'வலிக்குது' என்று உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சிறுவயதில் தனக்கு நடந்த பாலியல் கொடுமையைப் பற்றி, போதைப் பழக்கத்தைப் பற்றி, செஸ்டர் பேட்டிகளில் மறைக்காமல் பேசியிருக்கிறார். அந்தக் குரல் நடிப்பு இல்லை என்று எங்களுக்கு அதெல்லாம் தெரிவதற்கு முன்பே தெரியும்.

2017 ஜூலை 20 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 41 வயது. நமக்குச் செய்தி வந்தபோது நள்ளிரவு. மறுநாள் காலை ஆபீஸில் என் முகத்தைப் பார்த்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். சொன்னேன். "ஓ, பாட்டுக்காரனா" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போனார்கள். மதியம் துபாயிலிருந்து ஓர் அழைப்பு. அந்த மில் லைன் வீட்டு நண்பன். ஒரு பணத் தகராறில் ஆறு வருஷமாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. "டேய், போயிட்டான்டா" என்றான். அதற்கு மேல் இரண்டு பேராலும் பேச முடியவில்லை. போனை வைக்கவும் இல்லை. அன்றிலிருந்துதான் மறுபடி பேசுகிறோம்.

அந்த வீடியோவை ஞாயிற்றுக்கிழமையே எனக்கு அனுப்பியது அவன்தான். கிண்டலெல்லாம் ஆரம்பிக்கும் முன்பு. நாங்கள் இரண்டு பேரும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அந்த மனிதர் யார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு எந்த ஊர், எந்தப் பட்டறை, எந்த ராத்திரி என்றும் தெரியாது. நீங்கள் சிரித்த அதே வீடியோவின் பத்தாவது விநாடியில், தோளில் இருந்த அந்தக் குழந்தை குனிந்து, அப்பாவின் கன்னத்தைத் தன் கையால் துடைக்கிறது. பார்த்தீர்களா? இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.

பார்த்துவிட்டு அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள் அண்ணா. இன்னும் பத்து வருஷத்தில் அந்தக் குழந்தைக்குப் பதினைந்து வயது ஆகும். அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதும், அதற்குக் கீழே சிரித்தவர்களும் அவள் கண்ணில் பட வேண்டாம்.