ஆண்டறிக்கையில் வாசிக்காத வரிகள்

பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் நம் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்டு விழா. பந்தல், மைக்செட், நடனம், அடுக்கடுக்காகப் பொன்னாடைகள். இத்தனைக்கும் நடுவே தலைமை ஆசிரியர் ஆண்டறிக்கை வாசிக்கிற பத்து நிமிடத்தை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் விழாவிலேயே முக்கியமான நேரம் அதுதான். ஆனால் அதில் இருக்க வேண்டியது கணக்கு. பெரும்பாலும் இருப்பதோ பாராட்டுரை.

"பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி" என்ற வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதியவர்களில் நூறு சதவீதம் என்பதுதான் அதற்குப் பொருள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்க முடியாது. அதனால் வடிகட்டுகிற வேலை சில இடங்களில் ஒன்பதாம் வகுப்பில் நடக்கிறது. பெற்றோரைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கோங்க, தனித்தேர்வரா எழுதட்டும்" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவில், அந்தப் பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறு பள்ளி எடுத்துக்கொண்டால் சரி, இல்லாவிட்டால் அங்கேயே கிடக்கும்.

இரண்டு பள்ளிகளை வைத்துப் பார்ப்போம். ஒன்றில் ஆறாம் வகுப்பில் 62 பேர் சேர்ந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வை 48 பேர் எழுதி 48 பேரும் தேறினார்கள். இன்னொன்றில் 60 பேர் சேர்ந்து, 60 பேரும் எழுதி, 55 பேர் தேறினார்கள். மீதி ஐந்து பேரில் நான்கு பேர் ஜூலை துணைத்தேர்வில் தேறிவிட்டார்கள். முதல் பள்ளிக்குக் கேடயம் கிடைக்கும். இரண்டாவது பள்ளி 91.67 சதவீதம். 2025இல் மாநிலத் தேர்ச்சியே 93.80 சதவீதமாக இருக்க, இந்தத் தலைமை ஆசிரியர் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். எந்தப் பள்ளியில் என் பிள்ளையைச் சேர்ப்பேன் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

ஆகவே அறிக்கையின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், இடையில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள், எங்கே போனார்கள், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள். சேர்க்கை நீக்கல் பதிவேட்டையும் எமிஸையும் எதிரெதிரே வைத்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. 2017லேயே பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை அரசு நிறுத்திவிட்டது. பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் அடிப்பவர்களுக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

மெல்லக் கற்கும் பிள்ளைகளைத் தேற்றியதுதான் உண்மையான சாதனை என்றால், அதை எப்படிச் செய்தார்கள் என்பதும் அறிக்கையில் வர வேண்டும். கணக்கில் செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8 மதிப்பெண். இரண்டையும் தினமும் போட்டுப் பழகிய பிள்ளை, தேர்ச்சிக்கு வேண்டிய 35இல் 16ஐ அங்கேயே எடுத்துவிடும். அறிவியலில் சிக்கல் வேறு. செய்முறைக்கு 25 முழுதாகக் கிடைத்தாலும் எழுத்துத் தேர்வில் 75க்கு 20 எடுக்காவிட்டால் தேர்ச்சி இல்லை. கூட்டினால் 35க்கு மேல் வருகிறதே என்று பெற்றோர் குழம்புவது இங்கேதான். மாலைச் சிறப்பு வகுப்பு பாதியில் கலைவதற்குப் பாடம் மட்டும் காரணம் இல்லை. பசியும் கடைசி டவுன் பஸ்ஸும் காரணம். சுண்டலுக்கு யார் பொறுப்பேற்றார்கள், தூரத்துப் பிள்ளைகளை யார் வீடு சேர்த்தார்கள் என்பது அறிக்கையில் வந்தால், ஊர் ஒற்றுமை என்று தனியாக ஒரு பத்தி எழுத வேண்டியதில்லை.

அடுத்து என்.எம்.எம்.எஸ்., அதாவது வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுதும் இந்தத் தேர்வில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர். மனத்திறன் தாளில் 90 கேள்வி, படிப்பறிவுத் தாளில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000. கூலி வேலை பார்க்கிற குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. "நம் பள்ளியில் நால்வர் தேர்வு" என்று அறிக்கையில் வந்துவிடும். பணம் வந்ததா என்ற வரிதான் வராது.

பணம் வராமல் போவதற்குக் காரணங்கள் அலுப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானவை. பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. வங்கிக் கணக்கு இருக்கும், ஆதார் அதில் இணைந்திருக்காது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பிள்ளை விண்ணப்பித்திருக்கும், பள்ளி அளவில் சரிபார்த்து அனுப்பாமல் கெடு முடிந்துவிடும். இதை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கவும் வேண்டும்.

உயர்நிலைப் பள்ளிகளுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பதினொன்றுக்கு வேறு பள்ளிக்குப் போகிறது. பழைய பள்ளி "எங்க பிள்ளை இல்லையே" என்கிறது. புதிய பள்ளிக்கு இந்தப் பிள்ளை உதவித்தொகை வாங்குகிறது என்றே தெரியாது. பத்தில் 60 சதவீதம், அதாவது 500க்கு 300 (பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு) எடுத்திருந்தும், கடைசி இரண்டாண்டுப் பணம் 24,000 ரூபாய் இப்படிக் கைநழுவுகிறது. செய்ய வேண்டியது சிறிய வேலைதான். மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளில் பிள்ளையின் விண்ணப்ப எண்ணைத் தாளில் எழுதி, 'என்.எம்.எம்.எஸ். பயனாளி, புதுப்பிக்கவும்' என்று குறித்துக் கையில் கொடுக்க வேண்டும். புதிய பள்ளியின் எண்ணுக்கு ஒரு போன் அடித்தால் இன்னும் நல்லது.

மாணவரின் புதிய அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்குத் தேர்வாகும் யோசனைக்கு 10,000 ரூபாய் உண்டு. பல பள்ளிகள் யூடியூபில் பார்த்த தானியங்கித் தெருவிளக்கையும் பார்வையற்றோர் கைத்தடியையும் அனுப்பிவிட்டு, தேர்வாகவில்லை என்று வருத்தப்படுகின்றன. அங்கே பார்ப்பது புதுமையை. புளி கொட்டை எடுக்கிற அம்மாவின் கை ஏன் வலிக்கிறது என்று யோசிக்கிற பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். கலைத் திருவிழா, விளையாட்டு பற்றி ஒன்றே ஒன்று: "குறுவட்ட அளவில் இரண்டாமிடம்" என்றால் எத்தனை அணிகள் மோதின என்றும் சொல்லுங்கள். எல்லாக் குழுவிலும் அதே நான்கு பிள்ளைகள்தானா, மேடையே ஏறாத பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் எழுந்து நின்று கைதட்டுவேன்.

கல்விச் சீருக்கு வருகிறேன். தாம்பாளங்களில் நோட்டு, சாக்பீஸ், உலக உருண்டை, வண்டியில் பீரோ, நாற்காலி, மின்விசிறி என்று மேளதாளத்தோடு ஊரே பள்ளிக்கு நடந்து வரும் காட்சி எனக்குப் பிடிக்கும். கல்யாணச் சீர் வரிசையைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பியது நம் ஊர்களின் அழகான கண்டுபிடிப்பு. ஆனால் வாங்குவதற்கு முன் பள்ளியிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மூன்று பேர் மூன்று பீரோ கொண்டுவருவார்கள்; பெண் பிள்ளைகள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்காது. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வரும். சில மாதத்துக்கொரு முறை அதன் முன்வடிகட்டியை மாற்ற வேண்டுமே, அந்தச் செலவு யாருடையது என்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் ஓடாது. அடுத்த ஆண்டு இன்னொருவர் புதிதாக ஒன்று தருவார், அதிலும் பெயர்ப் பலகை இருக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழு இருப்பது இதற்காகவும்தான். முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர், குழுவில் பாதிப் பேர் பெண்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தில் உள்ள விதி. சீர் தேதிக்கு ஒரு மாதம் முன்பே குழு கூடி, தேவைகளை விலையோடு எழுதி, கோயில் வாசலிலும் டீக்கடையிலும் ஒட்டிவிடலாம். 200 ரூபாய் தாழ்ப்பாளும் பட்டியலில் இருக்கட்டும், 40,000 ரூபாய்க் கருவியும் இருக்கட்டும். பணமாக வந்தால் ரசீது போட்டுக் குழுவின் வங்கிக் கணக்கில் கட்ட வேண்டும். பொருளாக வந்தால் அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஆண்டறிக்கையில் கொடுத்தவர் பெயரோடு, போன ஆண்டு கொடுத்தது இப்போது ஓடுகிறதா என்ற நிலவரமும் வர வேண்டும். கொடுத்தவருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம், பரவாயில்லை. பெரும்பாலும் மறுநாளே மெக்கானிக்கை அனுப்பிவிடுவார்.

இன்னொரு வரி. ஆண்டு விழா நடப்பது பொதுத்தேர்வுக்கு முன். அதனால் அறிக்கையில் வாசிப்பது போன மே மாதத் தேர்வு முடிவைத்தான். அந்தப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று விசாரிக்க முழுதாக ஒன்பது பத்து மாதம் இருந்திருக்கிறது. பதினொன்றில் எத்தனை பேர், பாலிடெக்னிக்கில் எத்தனை பேர், ஐ.டி.ஐ.யில் எத்தனை பேர், மில்லுக்குப் போனது யார், கல்யாணம் செய்துகொடுக்கப்பட்டது யார்? இதைத் தெரிந்துகொள்வது வெறும் புள்ளிவிவரத்துக்காக இல்லை. பதினொன்றுக்குத் தனியார் பள்ளியில் சேர்ந்தால், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத மருத்துவ, பொறியியல் உள் ஒதுக்கீடு போய்விடும். இது தெரியாமல் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிற பெற்றோர் இருக்கிறார்கள். பத்து முடித்து அரசுப் பள்ளியிலிருந்து பாலிடெக்னிக் போகிற பெண்ணுக்கும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. மே மாதம் முடிவு வந்த வாரமே வகுப்பாசிரியர் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டால் பாதிச் சிக்கல் தீரும். எடுக்காத எண்களுக்கு மேலாண்மைக் குழுவின் தெரு உறுப்பினர் நேரில் போகலாம்.

இந்த அறிக்கையை ஆண்டு விழாவோடு மூட்டை கட்ட வேண்டாம். ஆகஸ்ட் 15 வருவதற்குள் துணைத்தேர்வும் முடிந்திருக்கும், பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையும் பெரும்பாலும் முடிந்திருக்கும். அன்று காலை பள்ளியில் கொடியேற்றம், பிறகு ஊரில் கிராம சபை. இரண்டு பக்கத் தாளாக அடித்து அங்கே ஒரு முறை வாசியுங்கள். எங்கும் சேராத பிள்ளைகள் இருந்தால் அவர்களின் பெயரைக் கூட்டத்தில் சொல்லாமல், எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியலை ஊராட்சித் தலைவர் கையிலும் மேலாண்மைக் குழுத் தலைவி கையிலும் தனியாகக் கொடுங்கள். பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ காலியிடம் இருந்தால் அந்த வாரமே கேட்டுப் பார்க்கலாம்.