கொங்கு மின்சாரம்: யூனிட் கணக்கும் மணிக் கணக்கும்

"பல்லடத்திலிருந்து உடுமலை வரைக்கும் காத்தாடியாக நிற்கிறது, காடு தோட்டமெல்லாம் சோலார் வந்துவிட்டது, அப்புறம் எதுக்குங்க நிலக்கரி?" என்று ஒரு தரப்பு கேட்கிறது. "காத்தையும் வெயிலையும் நம்பி மில் ஓட்ட முடியுமா, 2012 மின்வெட்டு மறந்துபோச்சா?" என்று இன்னொரு தரப்பு. ரெண்டு பேரும் வருசத்துக்கு எத்தனை யூனிட் என்றே பேசுகிறார்கள். மின்சாரம் அப்படி வேலை செய்வதில்லை. இந்த நொடியில் இழுக்கும் லோடுக்கு இந்த நொடியில் உற்பத்தி இருக்க வேண்டும். இதைப் பிடிக்காமல் இந்த விவாதத்தில் யார் ஜெயித்தாலும் பிரயோசனம் இல்லை.

ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்வோம். மூன்று ஷிப்ட், சராசரி லோடு 2 மெகாவாட். விடுமுறை, பராமரிப்பு கழித்தால் வருசத்துக்கு 155 லட்சம் யூனிட் வேண்டும். நம் பக்கம் நல்ல இடத்தில் நிற்கும் 1 மெகாவாட் காற்றாலை வருசத்துக்கு 20 லட்சம் யூனிட் தரும். 1 மெகாவாட் சோலார் 15 லட்சத்தை ஒட்டித் தரும். ஆக 4 மெகாவாட் காற்றாலையும் 5 மெகாவாட் சோலாரும் போட்டால் மில்லின் தேவை முழுக்க வந்துவிட்டது. காகிதத்தில் நூறு சதவீதம் பசுமை மில்.

அதே மில்லை ஆடி மாசத்து மதியம் 12 மணிக்குப் பாருங்கள். காற்றாலை 3 மெகாவாட், சோலார் 3.5 மெகாவாட். மில் எடுப்பது 2. மீதி 4.5 மெகாவாட் வெளியே போகிறது. பங்குனி மாசத்து இரவு 8 மணிக்குப் பாருங்கள். சோலார் பூஜ்யம். காத்தாடி அசையாமல் நிற்கிறது. மில்லுக்கு அதே 2 மெகாவாட் வேண்டும், அது முழுக்க வெளியிலிருந்து வருகிறது. வருசக் கடைசியில் கூட்டிக் கழித்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் பங்குனி எட்டு மணிக்கு ஸ்பிண்டில் சுற்றியது ஆடி மாசத்துக் காற்றில் இல்லை, வேறு எங்கோ எரிந்த நிலக்கரியில். காற்றாலை யூனிட்டை ஈபியிடம் 'பேங்கிங்' செய்கிறோம் என்கிறோமே, அங்கே சேர்வது கணக்குப் புத்தகத்து எண் மட்டும். மின்சாரத்தை யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை.

கொங்கு நாட்டுத் தொழிலே புதுப்பிக்கும் மின்சாரத்தில் பிறந்ததுதான். 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின, கிணற்றில் கரண்ட் மோட்டார் இறங்கியது. ஆனால் பைக்காரா, தேக்கி வைத்த தண்ணீர். வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். காற்றுக்கும் வெயிலுக்கும் மதகு கிடையாது. அந்த மதகை நாம் எங்கே கட்டப்போகிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

முதலில் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் ஏறி புரட்டாசியில் இறங்கும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, நம் பகுதிக் காற்றாலைகளின் ஆண்டு உற்பத்தியில் பெரும்பங்கைக் கொடுத்துவிடுகிறது. அப்புறம் ஏழு மாசம் அள்ளித் தெளித்த மாதிரிதான். காரணம் எளிது. காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிறது. நொடிக்கு 10 மீட்டர் காற்றில் 800 கிலோவாட் தரும் மெஷின் 5 மீட்டர் காற்றில் 100 கிலோவாட் தந்தால் பெரிது. 3 மீட்டருக்குக் கீழே போனால் சுற்றவே சுற்றாது.

1990களில் நட்ட 225, 250 கிலோவாட் மெஷின்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கோபுரம் 30 மீட்டர், இறக்கை வட்டத்தின் விட்டம் 27 மீட்டர். அப்படியென்றால் கீழே வரும் இறக்கை நுனி தரையிலிருந்து 16 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மெஷின் நட்டபோது மேற்கே சோளக்காடும் மேய்ச்சல் காடுமாக இருந்தது. இன்றைக்கு அதே இடத்தில் தென்னந்தோப்பு, மரம் ஒவ்வொன்றும் 15, 18 மீட்டர். மட்டையில் மோதிச் சிதறிய காற்று இறக்கையின் கீழ்ப்பாதிக்கு வருகிறது, மேல்பாதிக்கு நேர்காற்று வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கைக்கு இழுப்பு ஏறி இறங்கும். உற்பத்தி குறைவது மட்டுமில்லை, கியர்பாக்ஸ் பேரிங்கும் சீக்கிரம் போகிறது. போதாதற்கு இவை பழைய இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்கள். மின்சாரம் கொடுத்துக்கொண்டே லைனிலிருந்து ரியாக்டிவ் பவரை, அதாவது வேலைக்கு ஆகாமல் காந்தப்புலத்துக்கு மட்டும் போய் வரும் கரண்டை, உறிஞ்சும். அதை ஈடுகட்டக் கீழே வைத்திருக்கும் கெப்பாசிட்டர் பேங்கில் ரெண்டு யூனிட் ஊதிப்போய், மாற்றாமல் விட்டால் அந்த ஃபீடர் முழுக்க வோல்டேஜ் சாயும்.

இதை எடுத்துவிட்டு 120 மீட்டர் கோபுரத்தில் 2, 3 மெகாவாட் மெஷின் நட்டால் அதே காட்டில் பல மடங்கு விளையும், காற்று குறைந்த மாசங்களிலும் ஓரளவு கிடைக்கும். பின்னே ஏன் நடக்கவில்லை? பெரிய மெஷினின் இறக்கை விட்டம் 130 மீட்டர் என்றால் அடுத்த மெஷினுக்கு அதைப்போல் ஐந்து மடங்கு, 650 மீட்டர் இடைவெளி வேண்டும். பழைய மெஷின்கள் பத்து நிற்கும் இடத்தில் புதுசு ஒன்றோ ரெண்டோதான் நிற்கும். அந்தப் பத்தும் பத்துப் பேருடையது. யார் மெஷினை எடுப்பது, புதுசில் யாருக்கு எத்தனை பங்கு, பழைய பேங்கிங் சலுகை தொடருமா என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. தமிழக அரசு 2024இல் இதற்கென்று கொள்கை வெளியிட்டிருக்கிறது. பங்குப் பிரச்சினைக்கு ஊர் ஊராக உட்கார்ந்து பேச ஆள் வேண்டும், கொள்கைக் காகிதம் அதைச் செய்யாது.

அடுத்து, மிஞ்சும் மின்சாரம். ஆடி மாசம் காற்றும் வெயிலும் சேர்ந்து வரும்போது "அனலை நிறுத்தினால் போச்சு" என்பார்கள். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய யூனிட் ஒவ்வொன்றும் 210 மெகாவாட். அதை 55 சதவீதம், அதாவது 115 மெகாவாட் வரைக்கும்தான் இறக்க முடியும். அதற்குக் கீழே போனால் கொதிகலனில் நெருப்பு நிலையாக நிற்காது, எண்ணெய் ஊற்றித் தாங்க வேண்டும். முழுசாக நிறுத்தினால் திரும்ப எழுப்பப் பல மணி நேரம். சாயங்காலம் ஏழு மணிக்கு அது கட்டாயம் வேண்டும் என்பதால் மதியமும் ஓட விடுகிறார்கள். அப்போது உற்பத்தி மிஞ்சி, 50இல் நிற்க வேண்டிய லைனின் அதிர்வெண் 50.05 ஹெர்ட்ஸைத் தாண்டப் பார்க்கும், உற்பத்தியைக் குறை என்று காற்றாலைக்கு 'பேக்டவுன்' உத்தரவு வரும். நல்ல காற்றில் இறக்கையைத் திருப்பி நிறுத்துவார்கள். அந்த யூனிட் எவனுக்கும் கிடைக்காமல் போனதுதான். இதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இங்கேதான் மதகு வேண்டும். நம்மிடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை, 100 மெகாவாட் வீதம் நான்கு மெஷின், மொத்தம் 400 மெகாவாட். மிச்சக் கரண்டில் கீழே மேல் ஆழியாறிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கிவிடும் ஏற்பாடு. நூறு யூனிட் செலவழித்து ஏற்றினால் 75 யூனிட்டை ஒட்டித் திரும்பும். மீதி நஷ்டம்தான், ஆனால் பேக்டவுனில் நூறும் நஷ்டம். கணக்கு போட்டுப் பாருங்கள்: 400 மீட்டர் உயரத்திலிருந்து 1,000 லிட்டர் தண்ணீர் இறங்கினால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு யூனிட். ஒரு டேங்கர் லாரித் தண்ணீருக்குப் பத்துப் பன்னிரண்டு யூனிட். மலை உயரமும் பெரிய ஏரி ரெண்டும் இருந்தால்தான் இது கட்டுபடியாகும். அப்படிப்பட்ட இடம் நாட்டில் எல்லாருக்கும் வாய்க்காது, நமக்கு வாய்த்திருக்கிறது. அணு, அனல் மின்சாரம் ராத்திரியில் மிஞ்சிய காலத்தில் இந்த மாதிரி நிலையங்களை ராத்திரி ஏற்றிப் பகலில் இறக்கினார்கள். இனிமேல் மதியம் 10 முதல் 3 வரை ஏற்ற வேண்டும், சாயங்காலம் 6 முதல் 10 வரை இறக்க வேண்டும்.

நீலகிரியில் குந்தா திட்டம், 125 மெகாவாட் வீதம் நான்கு, மொத்தம் 500. போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி-எமரால்டுக்கும் நடுவே, ஏற்கெனவே உள்ள அணைகளை வைத்துச் செய்வது. இதை நான் முழுசாக ஆதரிக்கிறேன். ஆனால் சில்லஹல்லா மாதிரி புது அணை கட்டி, புதுப் பள்ளத்தாக்கை முக்கும் திட்டங்களுக்கு என் சம்மதம் கிடையாது. சோலைக்காடும் புல்வெளியும் இருந்தால்தான் பவானிக்குத் தண்ணீர். அதைக் கெடுத்து 'பசுமை' மின்சாரம் எடுப்பதில் அர்த்தமில்லை. மேட்டூர் அணையை இந்தக் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம். அங்கே தண்ணீர் டெல்டா பாசனத்துக்குத் திறப்பது, மின்சாரம் அதன் கூடவே வருவது. ஏழு மணிக்கு வேண்டும் என்று கேட்டு வாங்க முடியாது.

பேட்டரி? மேலே சொன்ன மில்லுக்கு 6 முதல் 10 வரை நாலு மணி நேரம் தாங்க 8,000 யூனிட் வேண்டும். முழுசாகக் காலி செய்யக்கூடாது, இன்வெர்ட்டர் நஷ்டமும் உண்டு, ஆகவே 10,000 யூனிட் கொள்ளளவு வாங்க வேண்டும். அதை நிரப்ப ரெண்டு, ரெண்டரை மெகாவாட் சோலாரின் ஒரு நாள் விளைச்சல் போகும். உயரழுத்த இணைப்புக்கு அந்த நாலு மணி நேரமும் யூனிட் கட்டணத்தில் 25 சதவீதம் கூடுதல் என்பதால் வருகிற வருசங்களில் பல மில்களுக்கு இது கட்டி வரும். ராத்திரி 10 முதல் காலை 6 வரைக்கும் பேட்டரியில் ஓட்டுவேன் என்பவரிடம் மட்டும் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள்.

ஏரியும் பேட்டரியும் காசு கேட்பவை. காசே கேட்காத மதகு ஒன்று நம் தோட்டத்தில் இருக்கிறது: பாசன மோட்டார். ஆயிரம் அடி போரில் இறங்கிய 7.5 ஹெச்பி மோட்டார் ஏறத்தாழ 7 கிலோவாட் இழுக்கும். ஆயிரம் மோட்டார் 7 மெகாவாட். கொங்கில் எத்தனை ஆயிரம் மோட்டார் என்று எண்ணிப் பாருங்கள். தென்னைக்கும் மஞ்சளுக்கும் தண்ணீர் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் பாய வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை. பகல் 9 முதல் 4 வரை உறுதியான த்ரீ பேஸ் கொடுத்தால் அத்தனை மோட்டாரும் வெயிலில் ஓடும், விவசாயி பாம்புக்குப் பயந்து டார்ச் எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

இதில் எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா மோட்டாருக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறோம். மும்முனை வந்த மாத்திரத்தில் ஒரே ஃபீடரில் நூறு மோட்டார் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும் நேரத்தில் மோட்டார் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜ் விழும், பாதி மோட்டார் கிளம்ப முடியாமல் முனகும், காயில் சூடாகும், டிரான்ஸ்ஃபார்மரில் பீஸ் போகும். ஆட்டோ ஸ்டார்ட்டருக்குள் டைமர் ஒன்று இருக்கும். அதை முதல் தோட்டத்துக்கு 1 நிமிசம், அடுத்த தோட்டத்துக்கு 2 நிமிசம் என்று வரிசையாக 10 நிமிசம் வரை மாற்றி வைத்தால் போதும். செலவு ஒன்றும் இல்லை, ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் பத்துப் பேர் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசினால் முடிகிற வேலை. ரெண்டு பேஸில் கன்டென்சர் போட்டு மோட்டார் ஓட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும், அது மோட்டாரையும் கெடுத்து பேஸ் பேலன்ஸையும் கெடுக்கிறது.

இனி கூரை சோலார். பத்துத் தறி ஓடும் குடோன், ஒரு தறிக்கு 1 ஹெச்பி, மொத்தம் 7 கிலோவாட்டை ஒட்டி. பகல் ஷிப்ட் 8 மணி நேரத்துக்கு 50 யூனிட்டுக்கு மேல். 12 கிலோவாட் சோலார் அதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். 1,200 சதுர அடி கூரை வேண்டும். பழைய சிமெண்ட் சீட் கூரையென்றால் சீட்டில் போல்ட் அடித்து மாட்டவே கூடாது, விரிசல் விட்டு முதல் மழையிலேயே பாவு நூல் நனையும். அடியில் இருக்கும் ஆங்கிள் டிரஸ்ஸிலிருந்து தனிக்கால் எடுத்துத்தான் மாட்ட வேண்டும். பஞ்சுத்தூசி பனியில் ஒட்டிக் காய்ந்தால் காற்றடித்தும் போகாது, கழுவ வேண்டும். நம்ம ஊர் போர்த் தண்ணீரில் கழுவினால் உப்பு வெள்ளையாகப் படிந்து கண்ணாடி மங்கும். மழைத்தண்ணீரோ குடிக்கிற நல்ல தண்ணீரோ எடுத்து, வெயில் ஏறும் முன்னே கழுவுங்கள்.

பலருக்குப் புரியாத கோளாறு ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்ல வெயில், தறி நின்றிருக்கிறது, சோலார் முழுக்க வெளியே போக வேண்டும். ஆனால் இன்வெர்ட்டர் விட்டு விட்டு நின்றுபோகும். போட்டுக் கொடுத்தவரைத் திட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் லைனில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் குறைந்த அழுத்தப் பக்கம் லோடு இல்லாதபோது 433 வோல்ட். ஒரு பேஸுக்கு 250. லைன் கடைசியில் இருக்கும் வீட்டுக்குச் சாயங்காலம் லோ வோல்டேஜ் வரக்கூடாது என்று அப்படி வைத்தது. மதியம் கரண்ட் எதிர்த்திசையில் ஓடும்போது மெல்லிசான கம்பியில் வோல்டேஜ் இறங்குவதற்குப் பதில் ஏறும். 253ஐத் தாண்டியதும் இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்ளும், அப்படித் துண்டிக்க வேண்டும் என்பது விதி. தறிகளைத் தொடர்ந்து ஓட்டுவதும், கம்பியைத் தடிமனாக்குவதும், தெருவுக்கு இன்னொரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதும்தான் தீர்வு. வீட்டுக் கூரைக்கு மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை ஒன்றிய அரசு கொடுக்கிறது. அந்தக் கரண்டை வாங்கும் கம்பிக்கு யார் காசு கொடுப்பது என்று யாரும் கேட்பதில்லை.

ஆக, கொங்கு நாட்டுக்கு வேண்டியதை வருசக் கணக்கில் காற்றும் வெயிலும் நீரும் தந்துவிடும். மாசி முதல் சித்திரை வரை ராத்திரியும், ஐப்பசி கார்த்திகை மூடாக்கு நாட்களும் இன்னும் பல வருசம் வெளி மின்சாரத்தில்தான் ஓடும். அந்த இடைவெளியைச் சுருக்க மேற்கொண்டு பேனல் போடுவதைவிட லோடைப் பகலுக்கு நகர்த்துவது சீக்கிரம் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. 2023இல் ஒன்றிய அரசு திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள், வெயில் நேரத்துக் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்கின்றன. அந்த 20 சதவீதம் தறிக்காரர் பில்லில் தெரிந்தால் ரெண்டாவது ஷிப்டைப் பகலுக்கு நகர்த்த யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதுவரைக்கும் செய்ய ஒரு வேலை இருக்கிறது. மதியம் 12 மணிக்கும் இரவு 7.30க்கும் மூன்று பேஸிலும் வோல்டேஜை அளந்து ஏழு நாள் எழுதி வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் எழுதியிருக்கும் எஸ்.எஸ். நம்பரையும் (டிரான்ஸ்ஃபார்மரின் அடையாள எண்) கேவிஏவையும் (அதன் திறன்) தாளின் மேலே குறியுங்கள். அந்தத் தாளோடு, ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பவர்கள் சேர்ந்து செயற்பொறியாளர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். வெறும் வாயில் "கரண்ட் சரியில்லைங்க" என்றால் பதிவேட்டில் ஒரு வரி. 12 மணிக்கு 256, 7.30க்கு 188 என்று எழுதிக் கொடுத்தால் எஸ்டிமேட் போட்டே ஆக வேண்டும்.