கருங்கண் பெற்றோருக்குப் பூனைக்கண் பிள்ளை
பெற்றோர் இருவருக்கும் கருங்கண் என்றால் பிள்ளைக்கு வெளிர்நிறக் கண் அமையாது என்று கண்ணின் நிறம் பற்றிய இக்கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒட்டுசுட்டானில் என் சின்னம்மாவின் மூத்த மகள் தேன்நிறக் கண்ணோடு பிறந்தாள். தாய் தகப்பன் இருவருக்கும் நல்ல கரும்பழுப்புக் கண்தான், ஆனால் எங்கள் பூட்டனாரை ஊரில் 'பூனைக்கண்ணர்' என்றே அழைத்தார்களாம். வெளிர்நிறத்துக்கான பரம்பரையலகு (ஜீன்) வெளியே தெரியாமல் தலைமுறைகளைக் கடந்துவந்து, இரு பக்கமிருந்தும் சேரும்போது வெளிப்படலாம் என்பது இயல்புகள் தலைமுறைக்குக் கடத்தப்படுவதை விளக்கும் பழைய மெண்டல் விதிக்கே பொருந்துவது. இன்றோ, 15ஆம் நிறமூர்த்தத்திலுள்ள (குரோமோசோம்) ஓசிஏ2, ஹேர்க்2 ஆகிய பரம்பரையலகுகள் முதன்மையானவை என்றாலும், வேறு பல பரம்பரையலகுகளும் சேர்ந்தே கண்ணின் நிற வளையமான கதிராளியிலுள்ள மெலனின் என்ற நிறமியின் அளவைத் தீர்மானிக்கின்றன என்று அறிந்திருக்கிறோம். தம் அப்பாச்சியின் கண் முதுமையில் நீலமாக மாறியதென்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது பெரும்பாலும் கண்ணின் முன்புறத்திலுள்ள ஒளிபுகும் படலமான விழிவெண்படலத்தின் ஓரத்தில் கொழுப்புப் படிந்து உண்டாகும் சாம்பல்நீல வளையமாக இருக்குமேயன்றி, கதிராளியின் நிறம் மாறியதாகாது. மாறியது எங்கள் சனத்தின் விருப்பந்தான்: சின்னம்மாவின் மகளுக்குச் சம்பந்தம் பேசியபோது பூனைக்கண் ஆகாதென்று ஒரு பகுதியார் விலகிப்போனார்கள், கருங்கண்ணோடு பிறந்த அவளுடைய மகளோ இன்று கலியாண வீடுகளுக்கு அதே தேன்நிறத்தில் கொன்ராக்ட் லென்ஸ் அணிந்து போகிறாள்.