கதிர்வீச்சுச் சிகிச்சையை இடையில் விட்டால் பரவாயில்லையா?

"மொத்த கிரே கணக்கு வந்தா போதும், ஒரு வாரம் விட்டுப் போனாலும் ஒண்ணுமில்ல" என்று தண்டையார்பேட்டை அண்ணன் ஒருத்தர் போட்டிருக்கார் (கிரேங்கிறது கதிர்வீச்சை அளக்கிற அலகு). அது தப்புங்க. குரல்நாணில் டி1 நிலை, அதாவது ஆரம்பக் கட்டப் புற்றுக்குப் பரவலா வைக்கிற கணக்கு, தடவைக்கு 2.25 கிரே வீதம் 28 தடவை, மொத்தம் 63. வாரம் ஐந்து நாள் வைத்து, ஐந்தரை வாரத்துக்குள்ள முடியணும். நடுவுல நின்னா, மிஞ்சின புற்றுச் செல்கள் வேகமா பெருகும். அதே 63 கிரே அப்புறம் பத்தாது.

பொங்கல் லீவோ மெஷின் ரிப்பேரோ வந்தா சனிக்கிழமை வைப்பாங்க, இல்ல ஒரே நாள்ல குறைஞ்சது ஆறு மணி நேரம் விட்டு ரெண்டு தடவை கொடுப்பாங்க. மழையில கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பி வர முடியலன்னா (நம்ம பக்கம் நடக்கிறதுதானே), அன்னைக்கே கதிர்வீச்சுப் பிரிவுக்கு போன் பண்ணிடுங்க. மூணாவது வாரம் தொண்டை எரியும், குரல் கம்மும். அதுக்காக நீங்களா நிறுத்தாதீங்க, மருந்து கேளுங்க. மூச்சு விட முடியாம இழுத்தா மட்டும் உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.