சேலத்து வெயிலும் கியூபாச் சுருட்டும்

போன வாரம் நண்பர் ஒருவர், “வெளிநாட்டுச் சுருட்டில் நல்லதாக நாலைந்து பெயர் சொல்லுங்கள்” என்று கேட்டார். “வாங்கி எங்கே வைப்பீர்கள்?” என்றேன். பீரோவில் என்றார். “அப்படியானால் முனியப்பனுக்குப் படைக்கிற சுருட்டையே வாங்கிக்கொள்ளுங்கள், நஷ்டமாவது குறையும்” என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார். அவருக்காகத்தான் இந்தப் பதிவு.

கையால் சுற்றிய சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும், 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியும் வேண்டும். நம் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 25 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் கிடக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிந்துவிடும். நான் ஆசைப்பட்டு வாங்கிய முதல் பெட்டியை மே மாதத்தில் திறந்தபோது, ஒவ்வொன்றிலும் குண்டூசி நுழையும் அளவுக்குத் துளைகள். ஒன்றை எடுத்துத் தட்டினேன், உள்ளங்கையில் மஞ்சள்பொடி போலத் தூள் கொட்டியது. சரி, மலை குளிர்ச்சிதானே என்று அடுத்த பெட்டியை ஏற்காட்டில் இருக்கும் மைத்துனர் வீட்டில் வைத்தேன். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்தது. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே 65 சதவீதம் ஈரம் காக்கும் பொட்டலம், வீட்டிலேயே குளிர்ந்த மூலை. பெரிய செலவில்லை. ஹியூமிடார் எனப்படும், ஈரம் காக்கும் தேவதாருப் பெட்டியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி பெயர்கள். முதலில் மான்டெக்ரிஸ்டோ நம்பர் 4. தடிமன் எண் 42, அதாவது ஓர் அங்குலத்தில் 64இல் 42 பங்கு. விரலுக்குள் அடக்கமாக நிற்கும், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கியூபா இலையின் மண்வாசம் என்று சொல்கிறார்களே, அதை அறிய இதைவிடக் கைக்கு எட்டும் வழி எனக்குத் தெரியவில்லை. சாதுவாக வேண்டுமென்றால் ஓயோ டி மான்ட்டெரேயின் எபிக்யூர் நம்பர் 2. காரம் தேடுபவர்களுக்குப் பார்ட்டகாஸ் சீரீஸ் டி நம்பர் 4, ஆனால் வெறும் வயிற்றில் வேண்டாம், தலை சுற்றும்.

கியூபாவையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை என்பதும் என் கட்சி. நிகராகுவா இலையில் செய்யும் பட்ரோன் 1964 ஆனிவர்சரி, சதுரமாக அழுத்திய சுருட்டு. கோகோ வாசனை, கடைசிவரை சீராக எரியும். கியூபாப் பெட்டியில் இரண்டொன்று புகை இழுக்காமல் அடைத்துக்கொள்ளும். பட்ரோனில் எனக்கு அப்படி நேர்ந்ததே இல்லை.

கோஹிபா? 1966இல் கியூபாத் தலைவர் காஸ்ட்ரோவுக்காகத் தொடங்கிய பெயர் என்பதால் எல்லாருக்கும் அதன்மேல் ஒரு கண். விலையில் பாதி பெயருக்குத்தான் என்பது என் கருத்து. போலிகளும் அதில்தான் அதிகம். வெளிநாடு போய்வந்த உறவினர் கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கோஹிபா கொண்டுவந்தார். அசல் கோஹிபா கண்ணாடி மூடியில் வருவதே இல்லை! ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், நீள இலைக்குப் பதில் நொறுக்கிய சருகு. அவரிடம் சொல்லவில்லை, “அருமை மாமா” என்றேன். பெட்டியின் முத்திரையில் இருக்கும் எண்ணை உற்பத்தியாளரின் இணையதளத்தில் சரிபார்க்க முடியும். வாங்கும் முன் செய்யுங்கள்.

‘செரூட்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். நம் சுருட்டுக்கு இரு முனையும் திறந்திருக்கும், பெரியப்பா அப்படியே பற்றவைப்பார். கியூபாக்காரனுக்குத் தலை மூடியிருக்கும். பல்லால் கடித்தால் மேலிலை பிரிந்து தொங்கும். கூர்மையான கட்டரால் தலையை மூடியிருக்கும் தொப்பியை மட்டும் சீவுங்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும், அவசரப்பட்டால் கசந்துவிடும்.

புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய்ப் புற்றுநோய்க்கு வாய் போதும். நான் மாதத்துக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். அதையும் என் மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த ஒன்றைப் பெரும்பாலும் மைத்துனர் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் பிடிப்பேன். சேர்வராயன் காப்பி, சர்க்கரை இல்லாமல். எபிக்யூரின் சாம்பல் ஒரு அங்குலம் வரை உதிராமல் நிற்கும், மூடுபனி அதன்மேல் வந்து படியும்.

நேற்று நண்பர் டப்பா வாங்கிவிட்டாராம். மான்டெக்ரிஸ்டோ எத்தனை வாங்குவது என்கிறார். இரண்டு வாங்குங்கள். ஒன்று எனக்கு.