ஆப்ப சோடா போட்டால் செல்ஃப் ரைசிங் மாவு ஆகாது

"ஒரு கப் மைதாவில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்தால் செல்ஃப் ரைசிங் மாவு ரெடி" என்று தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்பு தவறு. செல்ஃப் ரைசிங் மாவு என்பது கேக் தானே உப்பி வரும்படி முன்கூட்டியே கலந்து வைக்கும் மைதா; அதில் சேர்க்க வேண்டியது பேக்கிங் பவுடர்.

சரியான அளவு: 125 கிராம் (ஒரு கப்) மைதா, 1½ டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ¼ டீஸ்பூன் உப்பு. மூன்றையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். கட்டி நின்றால் அந்த இடம் மட்டும் கசக்கும்.

சோடா முழுதாக வேலை செய்யப் புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் அது உள்ளேயே இருக்கிறது. வெறும் பாலில் பிசைந்த மாவில் அந்த அளவு சோடா போட்டால், மிஞ்சுவது சோப்பு வாடையும் மஞ்சள் பழுப்பு நிறமும்தான். வீட்டில் சோடா மட்டுமே இருந்தால், கப்புக்கு ¼ டீஸ்பூன் போதும். பாலுக்குப் பதில் அரை கப் புளித்த தயிர் ஊற்றி, கலந்த கையோடு அடுப்பில் ஏற்றுங்கள்.

நம் பக்கத்து ராகி மாவையும் தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் பாதிக்கு மேல் வேண்டாம். மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் என்ற புரதம் ராகியில் இல்லாததால் காற்று நிற்காமல் கேக் உதிர்ந்துவிடும்.

பழைய பேக்கிங் பவுடரை அரை டீஸ்பூன் எடுத்து வெந்நீரில் போடுங்கள்; உடனே நுரைக்காவிட்டால் புதிது வாங்குங்கள்.